பரங்கிமலையில் தொடங்கும் இமயம்

1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் என்ற ராணுவ அதிகாரி பரங்கிமலை அடிவாரத்தில் சங்கிலி போட்டு ஏழரை மைல் நீளத்துக்கு ஒரு கோடு அளந்தார். இந்தியாவின் மாபெரும் முக்கோண நில அளவைக்கு அதுதான் பிள்ளையார் சுழி. முக்கோணத்தை ஒட்டி முக்கோணமாக அந்த அளவை வடக்கே நகர்ந்தது. 1823இல் லாம்டன் வழியிலேயே இறந்துபோனார். பிறகு ஜார்ஜ் எவரெஸ்ட் அதை டேராடூன் வரை கொண்டுபோனார். 1856இல் உலகின் மிக உயர்ந்த சிகரத்துக்கு 29,002 அடி என்று அறிவித்ததும் இதே அளவைதான். கணக்குப் போட்டவர் வங்காளத்து ராதாநாத் சிக்தார். பெயர் மட்டும் எவரெஸ்டுக்குப் போயிற்று.

சென்னையில் இருந்துகொண்டு இமயமலையில் நடக்கப் பழகுகிறவர்களுக்கு இன்றும் அந்தக் குன்றை விட்டால் கதியில்லை. மயிலாப்பூர் கடல் மட்டத்துக்குச் சில மீட்டர்தான் மேலே இருக்கிறது. இங்கே மேடு என்று சொல்ல மேம்பாலங்கள் உண்டு, அவற்றில் நடந்தால் லாரிக்காரர் திட்டுவார். பரங்கிமலை சுமார் முந்நூறு அடி, நூற்றுச் சொச்சம் படிகள். முதுகுப்பையில் அரிசி மூட்டையோடு ஏறி, இறங்கி, திரும்பவும் ஏறினால், மாதா கோயிலுக்கு வந்தவர்கள் நேர்த்திக்கடன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். "எத்தனை தடவ ஏறுறதா வேண்டிக்கிட்டீங்க?" என்று ஒரு அம்மாள் கேட்டார். முழங்காலுக்காக என்று உண்மையைச் சொன்னேன். "சரியாயிடும், மாதா பாத்துப்பாங்க" என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்.

நாங்கள் மூன்று பேர். நான் மயிலாப்பூர். இன்னொருவர் வங்கியில் ஓய்வுபெற்ற மந்தைவெளி நண்பர். மூன்றாமவர் தி. நகரில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுகிறவர், எங்களில் இளையவர். நாகேஸ்வர ராவ் பூங்காவில் காலை நடை முடிந்து உட்காரும் பெஞ்சுதான் எங்கள் அலுவலகம். எங்கே போவது என்ற பேச்சு அங்கே கோடையில் தொடங்கி ஆடி முடியும்வரை ஓடியது.

மயிலாப்பூருக்கு இமயமலை புதிய ஊர் ஒன்றும் இல்லை. பூம்பாவைக்காகக் கபாலீச்சரத்தில் பாடிய ஞானசம்பந்தர் திருக்கேதாரத்துக்கும் பதிகம் பாடியிருக்கிறார். காளத்தியில் இருந்தபடியே பாடினார் என்பது வரலாறு. போகாமலே பாடியிருக்கிறார், எங்கள் பூங்கா பெஞ்சுக்கு அவரே முன்னோடி. வைணவர்களுக்குப் பத்ரி, சோஷிமட், தேவப்பிரயாகை மூன்றும் திவ்ய தேசங்கள். மாட வீதிகளைச் சுற்றி வீட்டுக்கு ஒருவராவது அங்கே போய் வந்திருப்பார்கள். யாத்திரைக் குழுவோடு சமையல்காரரும் போவார், ரிஷிகேசத்திலும் வத்தக்குழம்பு கிடைக்கும். கேதாரம் போய்வந்த என் பெரியம்மாவிடம், அந்த ஊர்க்காரர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று ஒருமுறை கேட்டேன். "நாங்க எங்கடா பார்த்தோம்? நமக்குத்தான் நம்ம சாப்பாடே கெடச்சுதே" என்றார்.

அந்தப் பதிலிலிருந்துதான் எங்கள் பயணத்துக்கு ஒரு திசை கிடைத்தது என்று சொல்லலாம். கோயிலும் வேண்டாம், சிகரமும் வேண்டாம், மனிதர்கள் குடியிருக்கிற மலையில் நடக்க வேண்டும் என்று தோன்றியது. இந்தக் கணக்கில் நிறைய இடங்கள் தாமாகவே உதிர்ந்துவிட்டன. இப்போது பெயர்பெற்ற கேதார்கந்தா சுமார் 3,800 மீட்டர். பனியில் நின்று படம் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் பாதை பெரும்பாலும் காடு. அந்த நடை தொடங்கும் சாங்க்ரி என்ற ஊரிலிருந்தே கிழக்கே சுபின் ஆற்றோடு போனால் ஹர் கி தூன். பாதை கங்காட், ஒஸ்லா என்று ஊர்களைத் தொட்டுக்கொண்டு போகிறது. கடைசியில் வரும் புல்வெளி 3,566 மீட்டர். அதுவரை போகாவிட்டாலும் பயணம் வீணாகாது என்பதுதான் எனக்குப் பிடித்திருந்தது.

உயரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், சென்னைக்காரர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். 3,500 மீட்டரில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு. பரங்கிமலையும் பெசன்ட் நகர் மணலும் காலைத்தான் பழக்கும். இதற்குப் பயிற்சி கொடுக்கும் இடம் இந்த ஊரில் கிடையாது. மெதுவாக ஏறுவது ஒன்றே வழி. மூவாயிரம் மீட்டருக்கு மேல், இன்று படுத்த இடத்திலிருந்து நாளை படுக்கும் இடம் ஐந்நூறு மீட்டருக்கு மேல் கூடக் கூடாது என்பது மலை மருத்துவர்கள் சொல்லும் அளவு. தலைவலியோடு குமட்டலும் வந்தால் அங்கேயே நிற்க வேண்டும், குறையாவிட்டால் இறங்க வேண்டும். டயமாக்ஸ் மாத்திரையை நண்பர் சொன்னார் என்று வாங்கிப் போடுவது சரியல்ல, சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அது ஆபத்து. அடையாறில் எங்கள் மருத்துவர் ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு மந்தைவெளி நண்பரிடம், "போகலாம், ஆனா யாரோடயும் போட்டி போடாதீங்க" என்றார். நண்பர் உடனே என்னைப் பார்த்தார்.

வீட்டில் அனுமதி வாங்குவது தனி மலை. 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் காட்டுத் தீயில் சிக்கியவர்களில் சென்னையிலிருந்து போன பெண்கள் நிறையப் பேர். இந்த ஊரில் மலையேற்றம் என்றாலே அந்த நாள்தான் நினைவுக்கு வருகிறது. 2024 ஜூனில் உத்தராகண்டின் சகஸ்ர தால் ஏரிப் பாதையில் கர்நாடகத்திலிருந்து போன குழுவில் 9 பேர் பனிப்புயலில் இறந்தார்கள். "நம்ம ஊர்லயே அரசாங்கம் நாப்பது வழி திறந்து வெச்சிருக்காமே, அதுல ஒண்ணு நடந்துட்டு வாங்களேன்" என்றார் நண்பரின் மனைவி. 2024 அக்டோபரில் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தைச் சொல்கிறார். நியாயமான கேள்விதான். அந்த வழிகளில் காலையில் ஏறி மாலைக்குள் இறங்கிவிட வேண்டும், ஊர்களில் தங்குகிற நடை இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். கடைசியில் அவரை அசைத்தது வேறு: ஒவ்வொரு இரவும் யாராவது ஒருவர் வீட்டில், கூரைக்குக் கீழே படுப்போம் என்ற உறுதி.

அதுவே நல்ல திட்டமும்கூட. பெரும்பாலான குழுக்கள் ஊர்களைத் தாண்டிப் போய்க் கூடாரம் அடிக்கின்றன. 2018 ஆகஸ்டில் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம், அங்கே புக்யால் என்று சொல்லும் உயர்மலைப் புல்வெளிகளில் இரவு தங்கத் தடை விதித்தது. குழுக்கள் விட்டுவந்த குப்பையும் மிதிபட்ட புல்லும்தான் காரணம். ஊருக்குள் வீட்டில் தங்கினால் புல்லும் பிழைக்கும், காசும் அந்த வீட்டு அம்மாள் கைக்கே போகும்.

மூவருக்கும் பெரிய சண்டை வந்தது ஒரு நாளைப் பற்றி. ஒஸ்லாவில் எதுவும் செய்யாமல் ஒரு பகல் இருக்க வேண்டும் என்று நான் அட்டவணையில் எழுதியிருந்தேன். "சும்மா உக்கார்றதுக்கு நாகேஸ்வர ராவ் பார்க் போதாதா சார்? அதுக்கா இமயமலை?" என்றார் தி. நகர் நண்பர். கணக்கர் அல்லவா, காலி நாள் அவருக்கு வராத கடன். உடம்பு உயரத்துக்குப் பழகட்டும் என்று மருத்துவக் காரணம் சொல்லி அதைக் காப்பாற்றினேன்.

காலத்தைத் தேர்வது எளிது. ஆடி, ஆவணியில் அங்கே மழை, பாதை சரியும். மார்கழியில் பனி மூடிவிடும். சித்திரை வைகாசி ஒன்று, புரட்டாசி ஐப்பசி இன்னொன்று. இரண்டாவதை எடுத்தோம். கொலு எடுத்துவைத்த கையோடு, சென்னையில் வடகிழக்குப் பருவமழை பிடிக்கும் முன் கிளம்பிவிடலாம்.

தி. நகரில் சாமான் வாங்கியதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நல்ல காலணிக்குச் செலவு செய்யுங்கள், அதைப் போட்டுக்கொண்டு பாண்டி பஜார் நடைபாதையில் சில வாரம் நடந்து கால் கடிக்கிறதா என்று பாருங்கள், பருத்தி பனியனை வீட்டில் விட்டுவிடுங்கள். வியர்வையில் நனைந்த பருத்தி மலைக்காற்றில் காயாது, குளிரை உள்ளே இழுக்கும். கச்சேரி ரோட்டு டப்பா செட்டிக் கடையில் சுக்கும் திப்பிலியும் வாங்கினோம். இஞ்சி மொரப்பா நண்பரின் மனைவி செய்து கொடுத்தது. முசௌரிக்கு மேல் வளைவுகளில் எங்களைக் காப்பாற்றியது அதுதான்.

இரவு பத்து மணிக்கு சென்ட்ரலில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ். டெல்லிக்குச் சுமார் 2,180 கிலோமீட்டர், இரண்டு இரவுகள். விமானத்தில் மூன்று மணி நேரத்தில் போகலாமே என்றால், போகலாம்தான். ஆனால் மலையில் மெதுவாக நடக்க வேண்டும் என்று மூன்று மாதம் பேசியவர்கள் அவசரமாகக் கிளம்புவது எனக்குப் பொருந்தவில்லை. டெல்லியிலிருந்து டேராடூன். அங்கே விடியுமுன் வண்டி பிடித்தால் சாங்க்ரி போய்ச் சேர ஒரு முழுப் பகல் ஆகிறது, சுமார் 200 கிலோமீட்டர். முசௌரியைத் தாண்டி யமுனைக்கு இறங்கி, நௌகாவ் வழியாகப் புரோலா. அந்தப் பள்ளத்தாக்கு சிவப்பரிசிக்குப் பேர்போனது. சாலையோரக் கடையில் அதையே வாங்கிச் சாப்பிட்டோம். புரோலாவுக்கு அப்பால் ஏடிஎம்மை நம்ப வேண்டாம், பணத்தை இங்கேயே எடுத்துக்கொள்ளுங்கள். மோரியில் டோன்ஸ் ஆறு. நைட்வாடில் ரூபினும் சுபினும் சேர்ந்துதான் டோன்ஸ் ஆகின்றன. கோவிந்த் வனவிலங்குச் சரணாலயத்தின் சாவடியும் அங்கேதான், அனுமதிச்சீட்டு வாங்கிக்கொண்டு மேலே போக வேண்டும். 1955இல் அமைந்த சரணாலயம், பனிச்சிறுத்தை உள்ள இடம். நாங்கள் பார்த்தது கோவேறு கழுதைகளைத்தான்.

சாங்க்ரியிலிருந்து தாலுகா என்ற ஊர்வரை ஜீப். பிறகு நடைதான்.

சுபின் ஆறு இடது பக்கமும் வலது பக்கமுமாக மாறி மாறிக் கூடவே வந்தது. அக்ரூட் மரங்கள், தேவதாரு, நடுநடுவே மரப்பாலம். ஐப்பசியில் அங்கே அறுவடைக்காலம். ராம்தானா விளைந்த வயல்கள் மலைச்சரிவில் செக்கச்செவேல் என்று கிடந்தன. நம் தண்டுக்கீரையின் உறவுதான், அங்கே விதைக்காக வளர்க்கிறார்கள். எதிரே வந்த பெண்கள் முதுகில் புல்கட்டுச் சுமையோடு, எங்களுக்கு மூச்சு வாங்கும் மேட்டில் பேசிச் சிரித்துக்கொண்டே இறங்கினார்கள். தி. நகர் நண்பர் ஓரமாக நின்று வழிவிட்டு, "சார், நம்ம பைல என்ன இருக்கு, இவ்ளோ வலிக்குது?" என்றார்.

ஒஸ்லா ஆற்றுக்கு மேலே உயரத்தில் இருக்கிறது, எதிர்க்கரையில் சீமா. நாள் முழுக்க நடந்தபின் வருகிற கடைசி ஏற்றம் ஆளைச் சோதிக்கும். வீடுகள் கல்லும் தேவதாரு மரமும் அடுக்கிக் கட்டியவை. கீழே மாடும் ஆடும், மேலே மனிதர்கள். தானியத்துக்கு மரத்தாலேயே செய்த தனிக் களஞ்சியம். இப்பக்கத்துக் கிராமங்களில் குளிர்காலத்தில் தீப்பிடித்தால் வீடுகள் அடுத்தடுத்து எரிந்துபோவது உண்டு. அதனால் களஞ்சியத்தை வீட்டை விட்டுச் சற்றுத் தள்ளியே வைப்பது நல்ல யோசனை என்று எனக்குப் பட்டது. அறைக்குள் மெழுகுவத்தி ஏற்றாதீர்கள் என்று வீட்டுக்காரர் முதல் வேலையாகச் சொன்னார்.

இரவுச் சாப்பாடு மண்டுவா ரொட்டியும் ராஜ்மாவும். மண்டுவா என்பது நம் கேழ்வரகேதான். பெரியம்மாவிடம் சொல்ல எனக்கு ஒரு பதில் கிடைத்துவிட்டது. நாங்கள் கொண்டுபோன பருப்புப் பொடியை நெய்விட்டுப் பிசைந்து வீட்டுப் பாட்டியிடம் கொடுத்தோம். அவர் கொஞ்சம் வாயில் போட்டு யோசித்து, இது பயணம் போகிறவர்கள் சாப்பிடுவது, வீட்டில் இருக்கிறவர்கள் இதை ஏன் சாப்பிட வேண்டும் என்று கேட்டார். இஞ்சி மொரப்பா டப்பாவை மட்டும் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

சண்டை போட்டு வாங்கிய காலி நாள் மறுநாள். காலையில் கூரையில் காய்ந்த ராஜ்மா நெற்றைத் தட்டி உதிர்க்கும் வேலையில் எங்களையும் சேர்த்துக்கொண்டார்கள். வீட்டுக்கார அம்மாள் எங்கள் பங்கைத் திரும்பவும் தட்ட வேண்டியிருந்தது. ஓடைக்கரையில் தண்ணீர் விசையில் சுற்றும் மாவரைக்கும் கல்லைப் பார்த்தோம், கராட் என்கிறார்கள். முற்றத்தில் ஆண்கள் கம்பளி நூற்றுக்கொண்டே பேசினார்கள். இருபது பேர் கொண்ட குழு வந்து ஊருக்கு வெளியே கூடாரம் போட்டுவிட்டுப் போனால் எங்களுக்கு என்ன கிடைக்கிறது, கழுதை வாடகைதானே என்றார் ஒருவர். அடுத்தவர், அதுவும் இல்லாவிட்டால் என் பையன் டேராடூனில் படிப்பது எப்படி என்றார். இருவரும் சொன்னது சரி.

பெரியவர் ஒருவர் எங்கள் ஊரில் கடல் இருக்கிறதாமே என்று கேட்டார். இருக்கிறது என்றோம். கடல் தண்ணீர் உப்பு என்கிறார்களே, அப்படியானால் குடிக்க என்ன செய்கிறீர்கள்? மந்தைவெளி நண்பர் தன் வங்கி இந்தியில் லாரித் தண்ணீரை விளக்கினார். 2019 கோடையில் ஏரிகள் வற்றி, ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்ததைச் சொன்னதும் முற்றமே சிரித்தது. ரயிலில் தண்ணீரா? பெரியவர் நம்பவே இல்லை. தி. நகர் நண்பர் கைபேசியில் தேடிக் காட்டலாம் என்று பார்த்தார், அங்கே சிக்னல் இல்லை. நாங்கள் பொய்யர்களாகவே நின்றோம்.

ஊர் நடுவே மரக்கோயில். பயணக் குறிப்புகள் எல்லாம் அதைத் துரியோதனன் கோயில் என்று எழுதுகின்றன. ஊரில் கேட்டால் சோமேஷ்வர் என்கிறார்கள், அந்தப் பழைய பேச்சை வெளியார் கிளறுவது அவர்களுக்குப் பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிகிறது. கேட்காமல் படியில் கால் வைக்காதீர்கள். சாமி பல்லக்கில் ஊர் ஊராகப் போகிறவர், எல்லா நாளும் இங்கே இருக்க மாட்டார். எனக்கு நம் வட மாவட்டத்துத் திரௌபதி அம்மன் திருவிழாக்கள் நினைவில் ஓடின. அங்கே துரியோதனனை மண்ணால் பெரிய உருவமாகப் படுக்கவைத்துப் படுகளம் நடத்துவோம். கேரளத்தில் கொல்லம் அருகே போருவழி மலநடையில் அவனே சாமி. பாரதப் போரில் யார் பக்கம் நிற்பது என்பதை ஒவ்வொரு ஊரும் தானே முடிவுசெய்திருக்கிறது. தீபாவளியும் அப்படித்தான். டோன்ஸ் பள்ளத்தாக்கின் பல ஊர்களில் அது ஒரு மாதம் தள்ளி, நம் கார்த்திகை அமாவாசையை ஒட்டி வருகிறது.

ஹர் கி தூன் போனோம். கல்கத்தியாதார் மேட்டைத் தாண்டியதும் தி. நகர் நண்பருக்குத் தலை வலித்தது. விவாதமே செய்யாமல், எங்களோடு வந்த வழிகாட்டியின் தம்பியோடு ஒஸ்லாவுக்கு இறங்கிவிட்டார். நாங்கள் இருவரும் புல்வெளியில் நின்று சொர்க்கரோகிணியைப் பார்த்தோம். 6,252 மீட்டர் உயரமுள்ள அந்தப் பனி முகடு வழியாகத்தான் தருமர் நாயோடு சொர்க்கம் போனார் என்பது அந்தப் பக்கத்துக் கதை. அழகுதான். எல்லோரும் எடுத்த படத்தையே நாங்களும் எடுத்தோம். இறங்கி வந்தபோது தி. நகர் நண்பர் பாட்டியோடு அடுப்பருகே உட்கார்ந்து, வீட்டின் ராஜ்மா, உருளைக்கிழங்கு வரவுசெலவைக் காகிதத்தில் எழுதிக்கொண்டிருந்தார். இடைத்தரகருக்குப் போகிற பங்கைக் கேட்டு அவருக்குத் தூக்கமே வரவில்லை.

திரும்பும்போது முசௌரியை விட்டுவிட்டு யமுனைக் கரையோடு காலசி வழியாக வந்தோம். இது என் பிடிவாதம். ஒஸ்லாவில் நாங்கள் கேட்டுக்கொண்டே தூங்கிய சுபின், டோன்ஸாகி, இந்த ஊருக்கு அருகேதான் யமுனையில் சேர்கிறது. இங்கே அசோகரின் பாறைக் கல்வெட்டு இருக்கிறது. 1860இல் ஃபாரஸ்ட் என்பவர் கண்ணில் பட்டது, இப்போது தொல்லியல் துறை அதன்மேல் கட்டடம் எழுப்பிக் காக்கிறது. பாறையின் ஒரு பக்கத்தில் யானை உருவம் கீறியிருக்கிறது. இரண்டாம் கட்டளையில் மனிதருக்கும் விலங்குக்கும் மருத்துவம், வழிநெடுக மரமும் கிணறும் என்று அசோகர் அடுக்குகிறார். இதெல்லாம் தன் நாட்டில் மட்டுமல்ல, எல்லைக்கு அப்பால் சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் நாடுகளிலும் என்கிறார். யார் இந்தச் சத்தியபுத்திரர் என்று அறிஞர்கள் நெடுங்காலம் சண்டையிட்டார்கள். 1981இல் திருக்கோவிலூர் அருகே ஜம்பையில் கிடைத்த தமிழி கல்வெட்டு, சதியபுதோ என்ற பட்டத்தோடு அதியமான் நெடுமானஞ்சி பெயரைச் சொன்னபோதுதான் வழக்கு தீர்ந்தது.

அங்கிருந்த காவலர் எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். சென்னை என்றதும், அவ்வளவு தூரத்திலிருந்து இந்தக் கல்லைப் பார்க்கவா என்றார். எங்கள் ராஜாக்கள் பெயர் இதில் இருக்கிறது என்றார் மந்தைவெளி நண்பர், பெருமை தாங்கவில்லை. எங்கே, காட்டுங்கள் என்று காவலர் எழுந்து வந்துவிட்டார். எங்கள் மூவரில் யாருக்கும் பிராமி படிக்கத் தெரியாது. நண்பர் அதற்கெல்லாம் அசராமல், உத்தேசமாக ஒரு வரியைக் கையால் காட்டி, அதியமான், ஔவை, நெல்லிக்கனி என்று இந்தியில் கதையைத் தொடங்கினார். நெல்லிக்கனியை அதியமான் கையில் எடுத்த இடத்தில் விகாஸ்நகர் பஸ் ஹாரன் அடித்தது.